பெட்டகம் நம் வீட்டில், சாவி யார் இடுப்பில்?

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் விடிகாலையில் நின்றால், திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களைச் சுலபமாக அடையாளம் காணலாம். மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை இருக்கும். அதற்குள் ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆறேழு வருஷத்து மருந்துச் சீட்டு எல்லாம் மழைக்குப் பயந்து இன்னொரு பாலிதீன் உறைக்குள் பத்திரமாக இருக்கும். சிதறால், அருமனை பக்கத்து ஜனங்களுக்குப் பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜும், ஆர்.சி.சி. புற்றுநோய் மையமும், ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவமனையும்தான் முதலில் நினைவுக்கு வரும். மாநில எல்லை 1956ல் மாறியது. வைத்தியத்துக்குப் போகும் வழி மாறவில்லை.

அந்தப் பையைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டும். ஒரு மாநிலத்து டாக்டர் எழுதியதை அடுத்த மாநிலத்து டாக்டர் படிக்க அது ஒன்றே வழி. பை நோயாளியின் கையில் இருக்கிறது. எந்தச் சீட்டைக் காட்டுவது, பழைய மனநல மருந்துச் சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதா என்பதெல்லாம் அவர் முடிவு. லாகின் கிடையாது, ஓடிபி கிடையாது. மகள் தூக்கிக்கொண்டு போனாலும் செல்லும். நடுவில் எந்தக் கம்பெனியும் உட்கார்ந்து நகல் எடுத்து வைப்பதில்லை.

உலகத்துக் கணினி நிபுணர்கள் இருபது வருஷமாகக் கட்ட முயல்வது ஏறக்குறைய இந்தப் பையைத்தான். பரவலாக்கப்பட்ட தனிநபர் தரவுத் தொழில்நுட்பம் என்று அதற்குப் பெரிய பெயர். சொல்வது சின்ன விஷயம்: உங்களைப் பற்றிய விவரம் ஊரான் கிடங்கில் குவியக் கூடாது. உங்களிடம், அல்லது நீங்கள் நம்பும் இடத்தில் இருக்க வேண்டும். தேவைப்படுகிறவர் உங்களிடம் கேட்டு, தேவையான அளவு மட்டும், தேவையான காலத்துக்கு மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

கேட்க இவ்வளவு நியாயமாக இருக்கும் ஒன்று ஏன் ஊருக்குள் வந்து சேரவில்லை?

வலையைப் பின்னியவரே வந்தும்

1989ல் உலகளாவிய வலையை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ் லீ. தான் உருவாக்கியது நாலைந்து பெருநிறுவனங்களின் தரவுக் களஞ்சியமாக மாறியதைப் பார்த்து, எம்.ஐ.டி.யில் ‘சாலிட்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வொருவருக்கும் ‘பாட்’ என்றொரு தரவுப் பெட்டகம். செயலிகள் அதன் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும். 2018ல் இதற்காகவே ‘இன்ரப்ட்’ என்ற நிறுவனத்தை ஜான் புரூஸுடன் சேர்ந்து ஆரம்பித்தார். பி.பி.சி., பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் அரசு எல்லாம் சோதித்துப் பார்த்தன. சோதனைகளைத் தாண்டி, சாதாரண ஆள் அன்றாடம் திறந்து மூடும் பெட்டகமாக அது இன்னும் ஆகவில்லை.

இன்னொரு பக்கம், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி, யாருடைய பதிவேட்டையும் நம்பியிராத அடையாள எண்ணுக்கான தரத்தை 2022 ஜூலையில் அறிவித்தது. கூகுள், ஆப்பிள், மோசில்லா மூன்றும் முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்ததை மீறித்தான் அது வந்தது. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்றை ஒதுக்கிவிட முடியாது. தரம் ஒன்று, அதைச் செயல்படுத்தும் முறைகளோ நூற்றுக்கு மேல். ஒன்றின் சீட்டை இன்னொன்று படிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நம் ஊரில் தேவை இல்லாமலும் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2024ல் டெலிகிராம் சாட்பாட் வழியாகக் கடைவிரிக்கப்பட்டன. மூன்று கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரம் தன் கையில் இருப்பதாக ஹேக்கர் சொன்னார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில், கோவின் தடுப்பூசி விவரங்கள் இதே டெலிகிராமில் தெரிந்தன. தளம் நேரடியாக உடைக்கப்படவில்லை என்று அரசு விளக்கம் கொடுத்தது. ஒரே கிடங்கில் கோடிக்கணக்கான பேரைக் குவித்து வைத்தால், ஒரு ஓட்டை போதும். ஜவுளிக்கடைப் பையைத் திருடுகிறவன் ஒரு நோயாளியைத்தான் திருட முடியும்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2015 ஜூலையில் டிஜிலாக்கர் வந்தது. 2016ல் ரிசர்வ் வங்கி, கணக்கு விவரங்களைச் சம்மதத்தோடு பகிரும் ‘அக்கவுண்ட் அக்ரிகேட்டர்’ என்ற முறைக்கு விதி வகுத்தது. 2021 செப்டம்பரில் பெரிய வங்கிகள் அதில் சேர்ந்தன. அதே மாதம் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடு முழுக்க விரிந்தது. மருத்துவக் குறிப்பு அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும், நோயாளியின் சம்மதத்தோடு இன்னொரு மருத்துவமனைக்குப் போகும் என்பது அதன் வடிவம். தமிழ்நாடு அரசு 2020 செப்டம்பரில் பிளாக்செயினுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. மாநில மின்னாளுமை முகமை ‘நம்பிக்கை இணையம்’ என்ற கட்டமைப்பை எழுப்பியது. அதன் மேல் 2023ல் ‘இ-பெட்டகம்’ செயலி வந்தது. சாதி, வருமானம், இருப்பிடம் போன்ற சான்றிதழ்களைக் குடிமக்கள் தாங்களே வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு டிஜிட்டலாகப் பகிரலாம். சான்றிதழ் திருத்தப்படாதது என்பதற்குப் பிளாக்செயின் சாட்சி.

நல்ல ஏற்பாடுதான். பெட்டகம் தயார், சான்றிதழும் தயார். வாங்கிப் பார்க்க வேண்டியவர் மட்டும் இன்னும் ஜெராக்ஸ் கேட்கிறார்.

இரண்டு செட் ஜெராக்ஸ்

டிஜிலாக்கரில் அரசு வழங்கிய ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017லேயே விதி திருத்தப்பட்டுவிட்டது. டிரைவிங் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் போனில் காட்டினால் ஏற்க வேண்டும் என்று போக்குவரத்து அமைச்சகம் 2018 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் கவுண்டரின் வழக்கம் வேறு. டிஜிலாக்கரில் இருக்கிறது என்று போனை நீட்டினால், “அத ஒரு பிரிண்ட் எடுத்து, ரெண்டு செட் ஜெராக்ஸ் போட்டுக் கொண்டாங்க” என்பதுதான் பதில். கணினியில் பிறந்து, மின்கையெழுத்தோடு வந்து, சரிபார்க்க க்யூஆர் குறியும் ஒட்டிய ஒரு சான்றிதழ், பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் ஆகி, லேமினேஷன் ஆகி, நகலாகி, அந்த நகலில் இன்னொருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நம்பத் தகுந்ததாகிறது. பிரிண்ட் எடுத்த நொடியில் மின்கையெழுத்து செத்துவிட்டது என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

குமாஸ்தாவைத் திட்டிப் பயனில்லை. அவர் பக்கத்து நியாயம் தெளிவானது. நாளைக்கு ஆடிட் வரும். கோப்பில் காகிதம் இல்லையென்றால் ஆப்ஜெக்ஷன் அவர் தலையில் விழும். “போனில் பார்த்தேன், சரியாக இருந்தது” என்று எழுத அந்தக் கோப்பில் கட்டமே கிடையாது. கூடுதலாக ஒரு நகல் கேட்டதற்காக இதுவரை யாருக்கும் மெமோ வந்ததில்லை. குறைவாகக் கேட்டு ஏதாவது தப்பாகிவிட்டால் விளக்கம் எழுத வேண்டும். எந்த மனிதன் குறைவாகக் கேட்பான்?

2022 மே மாதம் நடந்தது நினைவிருக்கலாம். ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்க வேண்டாம், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. சரியான அறிவுரை. இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது; தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று காரணம் சொன்னார்கள். நாட்டின் பாதி கவுண்டர்கள் அந்த நகலின் மேல்தான் நிற்கின்றன என்பது அந்த இரண்டு நாளில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

2025 நவம்பரில் வந்த புதிய ஆதார் செயலியில் தேவையான விவரத்தை மட்டும் பகிர வசதி இருக்கிறது. பதினெட்டு வயது ஆகிவிட்டது என்று மட்டும் சொல்லலாம். பிறந்த தேதியோ முகவரியோ காட்ட வேண்டியதில்லை. கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வந்து லாட்ஜில் ரூம் கேட்கிறவர், வரவேற்பு மேசையில் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். ரிஜிஸ்டரைப் போலீஸ் பார்க்கும், முழு ஆதார் நகல் வேண்டும் என்பார்கள். ரூம் வேண்டுமா, உரிமை வேண்டுமா? பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பெட்டகம் கட்டுகிறவர்கள் எல்லோரும் வைத்திருப்பவரைப் பற்றியே யோசிக்கிறார்கள். கேட்கிறவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. தடைகளில் பெரியது இதுதான் என்பது என் எண்ணம்.

ரேகை விழல

வைத்திருப்பவர் பக்கமும் எல்லாம் சீராக இல்லை. சிதறால் வட்டாரத்தில் பெண்களுக்கு வேலை கொடுப்பது முந்திரி ஆலைகள். உள்ளூர் வாயில் அது ‘அண்டியாப்பீஸ்’. வறுத்த கொட்டையை உடைக்கும்போது கசியும் ஓட்டெண்ணெய் விரல்நுனியை அரித்துவிடும். வருஷக்கணக்கில் கொட்டை உடைத்த விரலில் வரிகள் மழுங்கிப்போயிருக்கும். சாம்பல் தடவிக்கொண்டு வேலை செய்தாலும் முழுதாகத் தப்ப முடியாது. ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் வந்த பிறகு, ‘ரேகை விழல’ என்பது இந்த ஊர்களில் அன்றாடப் பேச்சு. துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி துடைத்து, பெருவிரல் போய்ச் சுட்டுவிரல் வைத்து, கடைசியில் கண்ணைக் காட்டச் சொல்வார்கள். உடம்பே சாவி என்று சொல்கிற தொழில்நுட்பம், உடம்பு தேயும் வேலை செய்கிறவர்களை நினைத்து வடிவமைக்கப்பட்டதல்ல.

ரேகை இல்லாவிட்டால் ஓடிபி. ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது? ஆதாரில் கொடுத்த நம்பர் வளைகுடாவில் இருக்கும் மகனுடையது. அவன் அங்கே போனதும் இங்கத்தைய சிம்முக்கு ரீசார்ஜ் நின்றது. நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. இ-சேவை மையத்தில் ‘கேன் நம்பர்’ என்ற குடிமக்கள் கணக்கு எண் போட்டபோது, அவசரத்துக்கு அங்கே இருந்த ஆபரேட்டர் தன் நம்பரையே கொடுத்திருப்பார். டிஜிலாக்கரின் ஆறு இலக்க ரகசிய எண்ணை அவரே போட்டு, சான்றிதழின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்திருப்பார். “மறந்திரக் கூடாது, கேட்டியளா” என்ற அக்கறையோடு. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்த ஆபரேட்டர் இல்லாவிட்டால் அந்த அம்மாவுக்குச் சான்றிதழே இல்லை.

சென்னையிலும் பெங்களூருவிலும் உட்கார்ந்து வரையும் படத்தில் ஒரு ஆள், ஒரு போன், ஒரு சாவி. சிதறாலில் ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல போன், அது படிக்கிற பையனிடம். குடிமகனுக்கும் பெட்டகத்துக்கும் நடுவே ஆபரேட்டர் என்கிற மூன்றாவது மனிதர் இருக்கிறார் என்பதை இந்தத் திட்டங்கள் எதுவும் வெளிப்படையாக ஒப்புக்கொள்வதில்லை. அவருக்குச் சட்டத்தில் இடமில்லை, பொறுப்பில்லை, அதற்கேற்ற கூலியும் இல்லை. ஊரே அவர் பென் டிரைவில் இருக்கிறது.

பெயர்ப் பிரச்சினை இதற்கு மேல். இந்தப் பக்கத்துப் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது; தகப்பன் பெயரின் முதலெழுத்து உண்டு. பள்ளிச் சான்றிதழில் அது முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் முழுதாக விரிந்து தனிக் கட்டத்தில். வில்சனுக்கு ஒரு ‘எல்’ கூடிப்போயிருக்கும். கிராம நிர்வாக அலுவலரோ நோட்டரியோ ‘இருவரும் ஒருவரே’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் மனிதர்கள் ஏற்றுக்கொள்வார்கள். கணினி ஏற்காது, அது எழுத்தெழுத்தாக ஒப்பிடும், ஒன்று பிசகினாலும் நிராகரிக்கும். ஊரின் பெயரையே ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறோம். வீட்டுப் பிரமாணத்தை எடுத்தால், பழையது திருவிதாங்கூர் காலத்து மலையாளத்தில் இருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஓர் ஆளைத் தேடவேண்டும். எந்தப் பெட்டகத்தில் இதைப் போடுவது?

படிக்கத் தெரியாத கல்வெட்டு

சிதறாலுக்கு வெளியூர்க்காரர்கள் வருவது மலைக்கோயிலைப் பார்க்க. கல்வெட்டுகளில் திருச்சாரணத்துமலை. 9ஆம் நூற்றாண்டில் அது சமணர் பள்ளி. பின்னால் பகவதி கோயிலாகியது. பாறை முழுக்கத் தீர்த்தங்கரர் உருவங்கள். பல உருவங்களுக்குக் கீழே அதைச் செய்வித்தவரின் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கி குரத்திகள் என்ற பெண் துறவி இங்கே பொன் அணிகள் கொடுத்த செய்தியும் இருக்கிறது. யார், யாருடைய மாணவி, எந்த ஆண்டு, என்ன கொடுத்தார், எல்லாம் துல்லியம். யாரும் அழிக்கவில்லை, திருத்தவில்லை. ஆயிரத்து நூறு வருஷம் தாண்டிவிட்டது.

மலையேறி வருகிறவர்களில் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள்? தொல்லியல் துறையின் நீலப் பலகையைத்தான் படிக்கிறோம். தரவு அப்படியே இருக்கிறது, திறவுகோல் தொலைந்துவிட்டது. வட்டெழுத்து தெரிந்த ஓர் அறிஞரையும் ஒரு துறையையும் நம்பித்தான் குணந்தாங்கி குரத்திகள் நமக்குத் தெரிய வருகிறார்.

பரவலாக்கப்பட்ட பெட்டகங்களின் அடிமடியில் கைவைக்கும் சிக்கலும் இதுவே. பூட்டு மிகப் பலமானது. சாவி தொலைந்தால் செய்தவராலும் திறக்க முடியாது. அதுதான் அதன் பெருமை. ஆனால் தூத்தூர்க் கடற்கரையில் ஆழ்கடலுக்குப் போகிறவருக்குப் போன் தண்ணீரில் விழுவது அபூர்வமா? ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் உலகம் தன்னைக் கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது. மறதியை மன்னிக்க நடுவில் ஒருவர் வேண்டும். நடுவில் ஒருவர் வந்துவிட்டால் பரவலாக்கம் போய்விட்டது.

நிபுணர்கள் இதற்கு ஒரு வழி சொல்கிறார்கள். சாவியை ஐந்து துண்டாக்கி, நம்பிக்கையான ஐந்து பேரிடம் கொடுத்து வை. மூன்று பேர் சேர்ந்தால் மீட்கலாம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு குழித்துறைக் கோர்ட்டில் பதினைந்து வருஷமாக நடக்கும் வீட்டில், அந்த ஐந்து பேர் யார் என்று அவர்கள் சொல்லவில்லை.

ஓலை இருந்த வீடு

இந்த மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஓலை ஆவணங்கள் இருந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைத் தேடிப் படித்தார். பிற்பாடு அ.கா. பெருமாள் பதிப்பித்து ‘முதலியார் ஓலைகள்’ என்று நூலாகவே வந்தன. நிலம், வரி, நீர், கோயில் என்று நாஞ்சில் நாட்டு வாழ்க்கையின் பெரும் பகுதி அந்த ஓலைகளில். அரசனின் கருவூலத்தில் குவியாமல் ஊரிலேயே, ஒரு வீட்டிலேயே இருந்த ஆவணங்கள். பரவலாக்கம் என்றால் அசல் பரவலாக்கம்.

அந்த ஓலைகளில் அடிமைகளை விற்றதும் வாங்கியதும் உண்டு. விற்கப்பட்ட மனிதனைப் பற்றிய ஓலை, வாங்கியவன் வீட்டுப் பெட்டியில் இருந்தது. திருவிதாங்கூரில் 1855ல் அடிமை முறையை ஒழித்து அரசாணை வரும்வரை அதற்குச் சட்ட மதிப்பும் இருந்தது. ஆவணம் தலைநகரில் இருக்கிறதா, ஊரில் இருக்கிறதா என்பதால் அந்த மனிதனுக்கு என்ன வித்தியாசம்?

அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்த ஓலைகள் நினைவுக்கு வருகின்றன. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது உலகமே திரும்பிப் பார்க்கிற வேலை. வங்கிக் கணக்கு விவரம் ஒரு வங்கியிலிருந்து கடன் கொடுப்பவருக்கு மறையாக்கப்பட்டுப் போகிறது. நடுவில் நிற்கும் அக்ரிகேட்டரால் அதைப் படிக்க முடியாது. எதற்காக, எத்தனை மாத விவரம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் சம்மதச் சீட்டிலேயே எழுதியிருக்கும். பிடிக்காவிட்டால் பின்னால் ரத்து செய்யலாம். பெரும்பாலும் கடனுக்காகத்தான் இது பயன்படுகிறது. கடன் வேண்டி நிற்கிறவர் ‘மூன்று மாத விவரம் போதுமே, ஏன் பன்னிரண்டு?’ என்று கேட்க அந்தத் திரையில் பொத்தான் இல்லை. ‘ஒப்புக்கொள்கிறேன்’ இருக்கிறது; ‘மறுக்கிறேன்’ இருக்கிறது. மறுத்தால் கடன் இல்லை. இதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த மாவட்டத்து ஜனங்கள் வேறொரு விடை வைத்திருக்கிறார்கள். காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டுமா, விசாவுக்குப் பணம் வேண்டுமா, ரெண்டு பவன் வளையலைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அடகுக் கடைக்காரர் வளையலை உரசிப் பார்ப்பார். உங்கள் ஆறு மாதச் செலவை உரசிப் பார்ப்பதில்லை. வட்டி கூடுதல்தான். ஆனாலும் மகளின் மருத்துவச் செலவும் மகனின் யுபிஐ கணக்கும் யாருக்கும் தெரியாமல் போகிறது. தங்கத்தின் மேல் நமக்குள்ள மோகத்தைப் பற்றிப் பொருளாதார நிபுணர்கள் பேசும்போது இந்தக் காரணத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

சட்டத்திலிருந்து நழுவிய உரிமை

பெருநிறுவனங்கள் நம் தரவை ஏன் தாமாகக் கைவிடப்போவதில்லை என்று விளக்கத் தேவையில்லை. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் அந்தரங்கக் கொள்கையை மாற்றியபோது ஆளாளுக்கு சிக்னல் செயலிக்குப் போனோம். மைத்துனர் வரவில்லை, சங்கத்துக் குரூப் வரவில்லை, திரும்பி வந்தோம். அதே விவகாரத்தில் 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம், வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. டிஜிலாக்கர் ஆவணத்தை வாட்ஸ்அப் வழியாகவே பெறலாம் என்று 2022ல் அரசே ஏற்பாடு செய்தது தனிக் கதை.

சட்டம்தான் இந்தக் கட்டை உடைத்திருக்க வேண்டும். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவில், உங்கள் விவரத்தை ஒரு நிறுவனத்திடமிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் உரிமை இருந்தது. பெட்டகங்களுக்கு உயிர் கொடுப்பது அந்த உரிமைதான். உள்ளே போட எதுவும் கிடைக்காவிட்டால் காலிப் பெட்டகத்தை என்ன செய்வது? 2022 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த உரிமை இல்லை. நம்பர் மாற்றாமல் சிம் கம்பெனி மாறலாம் என்ற வசதியைக் கொண்டாடிய நாட்டில், இது சத்தமில்லாமல் நழுவிப்போனது. அரசு அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்கும் பிரிவு மட்டும் நழுவவில்லை.

தேன்பெட்டிச் சங்கம்

அந்தச் சட்டத்தில் நல்லதாக ஒன்று இருக்கிறது: ‘சம்மத மேலாளர்’. உங்கள் சார்பில், உங்கள் நன்மைக்காக, யாருக்கு எதைக் கொடுத்தீர்கள் என்று கணக்கு வைத்து, வேண்டாதபோது ரத்து செய்து தரும் அமைப்பு. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி இவை பதிவு பெறுவது ஓராண்டு கழித்து, அதாவது 2026 நவம்பரில் தொடங்க வேண்டும். சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் பதினெட்டு மாதம் கழித்து. அறிவிப்புகளை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ பெறலாம் என்பதால் தமிழுக்கும் இடமுண்டு.

மேலே சொன்ன தடைகளில் பாதிக்கு மருந்து இதில் இருக்கக்கூடும். தனி ஆள் கவுண்டரில் நின்று ‘இவ்வளவு போதும்’ என்று சொல்ல முடியாது. பத்தாயிரம் பேர் சார்பில் ஓர் அமைப்பு சொல்லலாம். சாவி தொலைந்தால் அவர்களிடம் போகலாம். இ-சேவை ஆபரேட்டர் இப்போது பொறுப்பில்லாமல் செய்யும் வேலையைப் பொறுப்போடு செய்ய வைக்கலாம்.

அப்படிப்பட்ட அமைப்பு எப்படி இருக்கும் என்பதற்கு மார்த்தாண்டத்தில் முன்மாதிரி உண்டு. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமச் சீரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். அதிலிருந்து தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் கிளைத்தது. பெட்டி ஆளாளுக்குச் சொந்தம். ரப்பர் தளிர்விடும் மாசி, பங்குனியில் அந்தப் பெட்டியை யாரோ ஒருவரின் எஸ்டேட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். அதனால் தேன் எஸ்டேட்காரருக்குப் போய்விடாது. சங்கம் தேனை வாங்கி, பக்குவப்படுத்தி, அக்மார்க் முத்திரையோடு விற்றது. வாங்குகிறவன் ஒவ்வொரு பெட்டியாகப் போய் சோதிக்க வேண்டியதில்லை; வளர்க்கிறவன் ஒற்றை ஆளாக வியாபாரியிடம் பேரம் பேச வேண்டியதில்லை. 2023ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தரவுக்கும் இப்படிச் செய்யலாம் என்று உலகில் சிலர் முயன்றிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் ‘மிடேட்டா’ என்ற கூட்டுறவு, உறுப்பினர்களின் மருத்துவ விவரத்தை அவர்கள் கட்டுப்பாட்டிலேயே வைத்து, ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்களையே தீர்மானிக்கச் செய்கிறது.

அண்டியாப்பீஸ் பெண்களும் ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் சேர்ந்து அப்படி ஒரு சங்கம் தொடங்கி, சம்மத மேலாளராகப் பதிவு செய்யப் போனால் என்ன ஆகும்? விதியின் முதல் அட்டவணையைப் பார்த்தேன். விண்ணப்பிப்பது இந்தியாவில் பதிவான கம்பெனியாக இருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கம் கம்பெனி அல்ல, வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சரி, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் போல கம்பெனிச் சட்டத்தின் கீழ் ஒன்றைப் பதிவு செய்துகொண்டு வந்தால், நிகர மதிப்பு குறைந்தது 2 கோடி ரூபாய் காட்ட வேண்டும். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்கு என்று திரட்டினால் 20,000 பேர். அண்டியாப்பீஸ் கூலியில் அந்த ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை நாள் கொட்டை உடைக்க வேண்டும் என்ற கணக்கு அந்த அட்டவணையில் இல்லை.